வலைப்பைக்குள் இருந்த பண்டேஜ்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஆறு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் புதுக் கொப்பி ஒன்று வாங்குவேன். இந்த முறை எழுதி முடித்துவிட்டுத்தான் விரதம் முடிக்கிற பாறணைச் சாப்பாடு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவேன். அதோடு நின்றுவிடும். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்துப் பிழை வரும் என்ற வெட்கமும் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அதில்லை. இதை எழுதினால் நான் காமாட்சி அம்மாளுக்கு முன்னால் செய்த ஒரு காரியத்தை எல்லோரும் அறிய வேண்டிவரும். அந்தப் பயம்தான் கையைப் பிடித்து வைத்திருந்தது.

நாங்கள் இருப்பது ஹனோவரிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத் தூரம். இங்கே ஒரு பெண்கள் உதைபந்தாட்ட அணி இருக்கிறது. பெயர் வேண்டாம். அவர்களின் உடுப்புத் தோய்க்கிற வேலை எனக்கு. மைதானக் கட்டடத்துக்குக் கீழே ஒரு கெல்லர், அதாவது நிலத்துக்குக் கீழே கட்டிய அறை. யன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பது மேலேயிருந்து வரும் சப்பாத்துகளைப் பார்த்தால்தான் தெரியும். முதல் நாள் என் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். அவர்கள் வாயில் அது நுழையவில்லை. "எல்லாரும் என்னை அக்கா எண்டுதான் கூப்பிடுறவை" என்றேன். அன்று தொடக்கம் பயிற்சியாளர் முதல் பதினேழு வயதுப் பெண் வரை எல்லோருக்கும் நான் அக்கா.

ஒவ்வொரு வீராங்கனைக்கும் இலக்கம் போட்ட ஒரு வலைப்பை உண்டு. பயிற்சி முடிந்ததும் உடுப்பை அதற்குள் போட்டு, வாயைக் கட்டி, பெட்டிக்குள் எறிந்துவிட்டுப் போவார்கள். வலையை அவிழ்க்காமல் அப்படியே மெஷினுக்குள் போடுவதுதான் முறை. எனக்கு அது ஏலாது. புல்லுக் கறைக்கு முதலில் சவர்க்காரம் பூசிக் கையால் கசக்கவேண்டும். அப்படிக் கசக்கிக் கசக்கி, ஒரு விளையாட்டையும் பார்க்காமலே யார் எப்படி விளையாடினார்கள் என்று எனக்குத் தெரிய வந்தது. முன்னுக்கு ஓடுகிறவர்களின் உடுப்பில் பெரும்பாலும் வேர்வைதான். ஐந்தாம் இலக்கக் காற்சட்டையில் வலது இடுப்புப் பக்கம் முழுவதும் பச்சையாக இருக்கும். பந்தோடு வருகிறவளை மறிக்க நிலத்தோடு சறுக்கிப் போகிறவளின் கறை அது.

அந்த ஐந்தாம் இலக்கம்தான் இத்தாலிக்காரப் பிள்ளை. சிசிலியில் ஒரு சின்ன ஊர். சின்ன வயதில் மாதா கோயில் வளவுக்குள் பெடியன்களோடு விளையாடினாளாம். கொஞ்சம் வளர்ந்ததும், இனிப் பெடியன்களோடு விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பெண்கள் அணி இருந்த இடத்துக்குப் போக இரண்டு மணித்தியாலம் பஸ். போனாள். அந்த நாளில் அங்கே பெண்கள் பந்து விளையாடுவதை ஒரு தொழிலாகவே கணக்கில் எடுக்கவில்லையாம். அதனால்தான் இருபத்துமூன்று வயதில் ஜெர்மனிக்கு வந்தாள். எங்கள் நகரத்தில் அவளுடைய மாமாவுக்கு ஐஸ்கிரீம் கடை. முதல் இரண்டு வருடம் பகலில் அங்கே கோப்பி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பின்னேரம் பயிற்சிக்கு வருவாள். பிறகு அணியே முழுநேரச் சம்பளம் கொடுத்தது. அதற்குப் பிறகு அவள் இல்லாமல் அணிக்குப் பின்களம் இல்லை.

என் கணவருக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் விளையாடியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, கச்சான் கடலை சப்பிச் சப்பிக் கோதைக் கீழே போட்டு, கூட்டுகிறவனிடம் பேச்சு வாங்குவார். ஒரு நாள் விளையாட்டு முடிந்து கீழே வந்தார்.

"இஞ்சேரப்பா, உம்மடை பிள்ளை இண்டைக்கு என்ன மாதிரி எண்டு சொல்லட்டோ?"

"காற்சட்டையைப் பாத்தனான். நல்லா விளையாடியிருக்கிறாள்."

"முன்னுக்கு நிக்கிறது ஒண்டு அடிச்சால் பேப்பரிலை படம் வரும். பின்னுக்கு நிக்கிறது ஒண்டை விட்டால்தான் பேப்பரிலை பேர் வரும். உம்மடை பிள்ளை இண்டைக்கு ஒண்டையும் விடேல்லை. அதாலை ஒருத்தரும் அவளைக் காணேல்லை."

ஆறாவது வருடம், பங்குனி மாதம், அவளுடைய இடது முழங்கால் போய்விட்டது. ஒருவரும் இடிக்கவில்லை. திரும்பினாள், விழுந்தாள். உள்ளே இருக்கும் நாண் அறுந்துவிட்டது என்றார்கள். ஒப்பரேஷன் செய்து, தொடையிலிருந்து ஒரு நாண் எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள். அவள் இருந்த வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஊன்றுகோலோடு ஒரு தரம் இறங்கி வந்தால் பிறகு ஏறப் பயந்து, பொழுதெல்லாம் என் கெல்லருக்குள் வந்து இருப்பாள். கவிழ்த்து வைத்த பெட்டியில் குந்தி, காலை இன்னொரு பெட்டியில் நீட்டிக்கொண்டு, எனக்கு வலைகளுக்கு முடிச்சுப் போட்டுத் தருவாள். எங்கள் இருவருக்கும் ஜெர்மன் அரைகுறை. அதனாலேயே ஒருவருக்கொருவர் நன்றாக விளங்கும். அவள் சொன்னதை நான் இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இன்னும் பதினைஞ்சு மாசம்தான் என்ரை ஒப்பந்தம், அக்கா. அதுக்குள்ளை கால் சரிவர வேணும். இல்லாட்டி இஞ்சையும் இடமில்லை, அங்கையும் இடமில்லை."

"அங்கை வீடு இருக்குத்தானே?"

"கால் ஏலாமல் போனால் வீட்டுக்குப் போறது இல்லை. மாமாவின்ரை கடைக்குத்தான் போறது."

அவள் படும் பாடு எனக்குத் தெரியாததல்ல. என் கணவர் எண்பதுகளில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியவர். பிறகு நான் வந்தேன். எங்கள் கையில் இருந்த அகதி அனுமதிக் கடதாசியை மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நீட்டித் தருவார்கள். மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. என் தங்கச்சியின் கலியாணம் பாரிசில் நடந்த அன்று, நான் இங்கே அறைக்குள் இருந்து எனக்கும் இவருக்குமாகப் பாயசம் வைத்தேன். அதைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"உன்னைப் பொலிஸ் மறிச்சது. என்னை என்ரை முழங்காலே மறிக்குது" என்றாள்.

அடுத்த வருடம் தையில் அவள் மீண்டும் பயிற்சிக்குப் போனாள். கடைசிப் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று இரண்டு மூன்று விளையாட்டுகளில் இறக்கினார்கள். பயிற்சியாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒப்பந்தம் நீட்டுவது பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சித்திரை கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, படிகளில் ஓடிவந்தாள்.

"அக்கா, ஞாயிற்றுக்கிழமை இத்தாலியிலை ஒரு பெரிய அணியிலை இருந்து ரெண்டு பேர் வருகினம். என்னைப் பாக்க. எங்கடை வீட்டிலை இருந்து ஒண்டரை மணித்தியாலத்திலை அவையின்ரை மைதானம். கோச் என்னை முதலிலையே இறக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார்."

"கடவுளே! அம்மா அப்பா வந்து பாக்கலாம்."

"அம்மா இப்பவே சாப்பாடு கட்டத் துடங்கியிட்டா."

அன்று பின்னேரம் அவளுடைய வலையை அவிழ்த்தேன். காற்சட்டைக்குள் ஒளித்துச் சுருட்டி, இழுபடுகிற பண்டேஜ் ஒன்று இருந்தது. ஈரம். மருந்து மணம். அவளுக்கு இனிக் கட்டுத் தேவையில்லை என்று ஃபிசியோ, அதாவது வீராங்கனைகளின் கை கால் பார்க்கும் பெண், மாசியிலேயே சொல்லியிருந்தாள். நான் பண்டேஜைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அவள் கதவடியில் வந்துவிட்டாள். மறந்துபோய் வலைக்குள் விட்டதை எடுக்கத்தான் வந்திருக்கிறாள்.

"காலைக் காட்டு, பிள்ளை."

"ஒண்டுமில்லை அக்கா."

"காட்டு எண்டுறன்."

நீளக் காற்சட்டையை உயர்த்தினாள். முழங்கால் சில்லு எங்கே என்று தெரியவில்லை. கொழுக்கட்டை மாவைப்போல மெத்தென்று இருந்தது. விரலால் அமத்தினேன். குழி விழுந்து, மெல்ல மெல்ல நிரம்பியது.

"எத்தினை நாளா?"

"பத்து நாள். ஐஸ் வைக்கிறன். காலமையிலை குறையும். ஓடேக்கை நோகாது. நிண்டால்தான் நோகும்." பிறகு என் இரண்டு கையையும் பிடித்தாள். "அக்கா, ஞாயிற்றுக்கிழமை மட்டும். அந்த ஒரு விளையாட்டு. ஃபிசியோவுக்குத் தெரிஞ்சால் என்னை விடமாட்டாள். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு."

அவள் கேட்டது ஒரு சொல். "சரி, சொல்லமாட்டன்" என்று நான் விட்டிருக்கலாம். அப்படி விட்டிருந்தால் பிறகு ஒரு நாள் "மனம் கேக்கேல்லை, சொல்லிப்போட்டன்" என்று மன்னிப்புக் கேட்டிருக்கவும் முடியும். ஆனால் அவள் என் கையை விடவில்லை. வெறும் வாய்ச்சொல் அந்தப் பிடிக்குப் போதாது என்று என் புத்தி நினைத்தது. சவர்க்காரத் தட்டுக்கு மேலே நான் ஒரு காமாட்சி அம்மாள் படம் வைத்திருந்தேன். நெருப்புக் கூடாது என்பதால் பற்றரியில் எரியும் சின்ன விளக்கு. கைப்பையில், கோயிலால் கொண்டுவந்த கற்பூரம் இருந்தது. சவர்க்காரப் போத்தல் மூடி ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு கட்டி வைத்துக் கொளுத்தினேன். "ஒருத்தருக்கும் வாய் திறந்து சொல்லமாட்டன், அம்மாள் அறிய" என்று சொல்லி, அந்தச் சுடரின் மேல் கையால் அடித்து அணைத்தேன்.

அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். அந்த நேரம் பார்த்துக் கூரையில் இருந்த புகைமணி அலறத் தொடங்கிவிட்டது. மூடி உருகி மேசையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் ஆளுக்கொரு துவாய் எடுத்து விசுக்கினோம். மேலேயிருந்து யாரோ "அக்கா, உடுப்பைப் பொரிக்கிறியோ?" என்று கத்தினார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போன பிறகுதான் கையைப் பார்த்தேன். உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்வது? சொன்னால் கற்பூரச் சத்தியத்தை உடைத்தவள் ஆவேன். அதோடு அவளுடைய வீட்டு வழியை அடைத்தவளும் நான்தான். சொல்லாவிட்டால் அந்தக் கால் என் கண்ணுக்கு முன்னால் முறியும். வலைகளை அவிழ்க்கவே பயந்தேன். முதல்முறையாக முறைப்படி, அவிழ்க்காமல் அப்படியே மெஷினுக்குள் போட்டேன். கறை போகவில்லை.

வியாழக்கிழமை சாப்பிடும்போது இவரைக் கேட்டேன்.

"நாண் மாத்தின முழங்கால் திரும்ப வீங்கினால் என்ன?"

"ஆருக்கு வீங்கினது?"

"ஒருத்தருக்கும் இல்லை. சும்மா கேக்கிறன்."

"சும்மா கேக்கிற ஆளே நீர்? எங்களோடை விளையாடின ஒருத்தனுக்கு ஒருக்காப் போனது. கேக்காமல் திரும்ப இறங்கினான். ரெண்டாந்தரம் போச்சு. பிறகு பந்தை விடும், அவனுக்குப் பஸ்ஸிலை ஏற ஏலாது." சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார். "உள்ளங்கையிலை என்ன காயம்?"

"அடுப்பு."

வெள்ளிக்கிழமை காலை முழுகி, சாமியறையில் பூக்கட்டிப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் பூவும் ஒரு சிவப்புப் பூவும் ஒரே அளவான கடதாசியில் தனித்தனியே சுற்றி அம்மாளின் காலடியில் வைத்தேன். வெள்ளை வந்தால் சொல்லலாம். சிவப்பு வந்தால் வாயை மூடு. நானே எடுத்தால் மனம் கை வழியே போய்விடும் என்று இவரைக் கூப்பிட்டேன்.

"ஒண்டை எடுங்கோ."

"என்ன, லொத்தர் சீட்டோ?"

"பகிடி விடாமல் எடுங்கோ."

எடுத்தார். சிவப்பு. அவர் வேலைக்குப் போன பிறகும் நான் அந்தக் கடதாசியை வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மாளே சொல்லாதே என்றுவிட்டா. இனி எனக்குப் பொறுப்பில்லை என்று ஆறுதல் வரவேண்டும். வரவில்லை.

சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. தொடங்குவதற்கு முன் உடுப்பு எடுக்க அவள் கீழே வந்தாள். அந்தப் படிகளில் வழக்கமாக இரண்டிரண்டாகக் குதித்து வருகிறவள், அன்று கைபிடியைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். நான் பார்ப்பதைக் கண்டதும் கைபிடியை விட்டாள்.

"நாளைக்கு இந்த நேரம், அக்கா!" என்றாள். கன்னத்தில் கொஞ்சிவிட்டு மேலே போனாள். முந்தின நாள் வலையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அன்று அவிழ்த்தேன். பண்டேஜ் உள்ளே இருந்தது. இப்போது ஒளித்துச் சுருட்டவில்லை. நான் சத்தியம் செய்தவள் ஆயிற்றே, கையால் தோய்த்துத் தருவேன் என்று நம்பிப் போட்டிருக்கிறாள்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். ஃபிசியோ ஈரத் துவாய்களோடு வந்தாள்.

"அக்கா, என்ரை பெட்டியிலை ஒரு பண்டேஜ் குறையுது. துவாயோடை இஞ்சை வந்திட்டுதோ? கண்டனீங்களோ?"

இல்லை என்று தலையாட்ட எனக்கு முடிந்திருக்கும். அவள் திரும்பிப் போகவும் தொடங்கிவிட்டாள். அப்போது என் புத்தியில் ஒரு தந்திரம் வந்தது. வாய் திறந்து சொல்லமாட்டேன் என்றுதானே சத்தியம்? வாயைத் திறக்காமல், ஐந்தாம் இலக்க வலைக்குள் கையை விட்டு, பண்டேஜை எடுத்து, வலையோடு சேர்த்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வலையின் இலக்கத்தைப் பார்த்தாள். பண்டேஜை மணந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டு படிகளில் ஏறினாள்.

கொடுத்தது நான். இந்தக் கையால்.

அன்று மத்தியானமே அவளைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு பேரும் வந்தார்கள், விளையாட்டைப் பார்த்தார்கள், கோப்பி குடித்தார்கள், போனார்கள். பிறகு கூப்பிடவே இல்லை. திங்கட்கிழமை முழங்காலைப் படம் எடுத்தார்கள். நாண் அறவில்லை. எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. கூடுதலாக ஓடியதால் நீர் கோத்திருக்கிறது, இரண்டு கிழமை ஓய்வு போதும் என்றார் டொக்டர். விளையாடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஃபிசியோ கேட்டாளாம். ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம், எல்லாம் போயுமிருக்கலாம், தனக்குச் சொல்லத் தெரியாது என்றாராம். இன்றைக்கும் எனக்குக் கிடைத்த பதில் அதுதான்.

ஆனி மாதக் கடைசியில் வலைப்பையைத் திருப்பிக் கொடுக்க அவள் வந்தாள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஃபிசியோ நல்லவள். தோய்க்கிற அறையில் பண்டேஜைக் கண்டேன் என்பதற்கு மேல் ஒன்றும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. பிள்ளை அந்தக் கவிழ்த்த பெட்டியில் இருந்தாள்.

"அக்கா, ஒண்டு கேக்கலாமோ? நீ நெருப்பிலை அடிச்சு எனக்குச் சொன்னனி. நீ சொல்லியிருக்கமாட்டாய். எனக்குத் தெரியும். அப்ப அவள் எப்பிடிக் கண்டவள்? கீழை விழுந்ததோ?"

நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அவள் கத்தியிருப்பாள். என் முகத்தில் துப்பியிருந்தாலும் தகும். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஓம், பிள்ளை" என்றேன். "பெட்டியைத் தூக்கேக்கை வலையின்ரை வாய் அவிழ்ந்து விழுந்திட்டுது. அவளின்ரை காலடியிலை."

அவள் மெல்ல எழும்பி, அம்மாள் படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"அப்ப இவாதான் என்னை மறிச்சவா" என்றாள். தன் விரலை வாயில் வைத்துக் கொஞ்சி, படத்தின் காலில் தொட்டாள். "நான் வாய் மூட வைச்ச ஆள் மூடிக்கொண்டு இருக்க, இவா தானாகவே அவிட்டு விட்டிருக்கிறா."

படத்தைக் கேட்டாள். ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்வேன்?

அந்தக் கோடை முழுவதும் அவள் மாமாவின் கடையில் ஐஸ்கிரீம் அள்ளிக் கொடுத்தாள். நான் தெருவின் மற்றப் பக்கத்தால் நடந்தேன். இலையுதிர் காலத்தில் சிசிலியில் ஒரு சின்ன அணி, இரண்டாம் பிரிவோ மூன்றாம் பிரிவோ, அவளை எடுத்தது. மூன்று பருவம் பின்பக்கத்தில் நின்று விளையாடினாள். கால் தாங்கியது. இதையெல்லாம் என் மகள் ஃபோனில் தேடிச் சொன்னாள். பிறகு விளையாட்டை நிறுத்திச் சின்னப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாளாம். முப்பத்து மூன்று வயதில், பேப்பரில் ஒரு படமும் வராமல், ஒரு பின்கள வீராங்கனையின் விளையாட்டு முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாடியிருந்தால் பெரிய அணிக்குப் போயிருப்பாளா, பிறகு இந்த மூன்று பருவமும் கிடைக்காமல் போயிருக்குமா, எனக்குத் தெரியாது. அதைத் தீர்மானித்தது அம்மாள் இல்லை என்பது மட்டும் தெரியும்.

பொய் ஒன்றைச் சொன்னால் அதையே எல்லோருக்கும் சொல்லவேண்டி வருகிறது. இவருக்கும் "விழுந்தது" என்றுதான் சொன்னேன். இவர் ஊன்ட்றொப்பில் இருக்கும் காமாட்சி அம்மாள் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொன்னார். சிவப்புப் பூ வந்தது, மனுசி வாய் திறக்கவில்லை, அம்மாள் தானே முடிச்சை அவிழ்த்தா. ஒவ்வொரு வருடமும் கதை வளர்ந்தது. கடைசியில் வலை காற்றில் ஆடியதாகவும் குங்குமம் மணத்ததாகவும் போனது. ஒரு அம்மா வந்து, தன் மகனின் ஒப்பரேஷனுக்கு வைத்துக் கும்பிட அந்தப் பண்டேஜ் கிடைக்குமா என்று கேட்டா. நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அதைப் பக்தி என்று நினைத்தார்கள்.

போன மாதம் தேர். அன்னதானம் முடிந்து வாய்க்கால் கரைப் புல்லில் இருந்தோம். பக்கத்தில் சிசிலியின் பலெர்மோவிலிருந்து வந்த ஒரு பெண், எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும். தானாகவே கதை கொடுத்தா.

"அக்கா, இந்த அம்மாளின்ரை படம் எங்கடை ஊரிலை ஒரு இத்தாலிக்காரியின்ரை பைக்குள்ளை இருக்கு, தெரியுமோ? என்ரை மகளின்ரை கோச். ஜெர்மனியிலை விளையாடினவாவாம். விளையாடக் கூடாத கால் எண்டால் அம்மாள் தானே கட்டை அவிட்டுக் காட்டுவா எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுவா."

"மகள் நல்லா விளையாடுறாளோ?" என்று கேட்டேன்.

"நல்லா விளையாடுறாள். இப்பதான் பதினைஞ்சு நடக்குது. பின்னுக்குத்தான் நிக்கிறவள். முழங்கால்தான் ரெண்டு மாசமா நோகுதெண்டுறாள். சுத்திக் கட்டிக்கொண்டு இறங்குறாள். கோச்சுக்குச் சொல்லு எண்டால் மாட்டாளாம். டொக்டரிட்டையும் வரமாட்டாளாம். 'கட்டு அவிழேல்லைத்தானே அம்மா, அவிழ்ந்தால் நிப்பாட்டுறன்' எண்டு எனக்கே சொல்லுறாள், பாருங்கோவன்!" என்று சிரித்தா.

"பிள்ளை, அது அவிழேல்லை" என்றேன். "அந்தப் பண்டேஜ் விழேல்லை. நான்தான் கையாலை எடுத்துக் குடுத்தனான்."

அவ என்னைப் பார்த்தா. பிறகு இவரைப் பார்த்தா.

"இவ இப்பிடித்தான்" என்றார் இவர், கச்சான் உடைத்தபடி. "அம்மாள் தனக்கெண்டு ஒரு அற்புதம் செய்தாலும், அப்பிடி ஒண்டும் நடக்கேல்லை எண்டுதான் சொல்லுவா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். "அக்காவுக்குச் சரியான தன்னடக்கம்" என்றுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவ எழும்பிப் போய்விட்டா. பெயர் கேட்கவில்லை. நம்பர் வாங்கவில்லை. கூட்டத்துக்குள் இரண்டு தரம் தேடினேன்.

காரில் வரும்போது இவருக்கு முதலில் இருந்து சொன்னேன். தந்திரம், பொய், எல்லாம். பீலெஃபெல்ட் தாண்டும் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

"அப்ப நான் ஆறு வருசமாக் கோயிலுக்குள்ளை நிண்டு பொய் சொல்லியிருக்கிறன்" என்றார்.

"ஓம்" என்றேன்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு எண்டு சொன்னவ?"

"பதினைஞ்சு எண்டு நினைக்கிறன்."

அடுத்த நாள் புதுக் கொப்பி ஒன்று வாங்கிவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனவர் அவர்தான்.

இதுதான் நடந்தது. சத்தியம் செய்தவளும் நான். பூவைக் கேட்டவளும், பிறகு பூவின் சொல்லைக் கேளாதவளும் நான். வாய் திறக்காமல் கொடுத்தால் அம்மாளுக்குத் தெரியாது என்று நினைத்தவளும் நான். உடைத்த சத்தியத்துக்கு அவ என்ன தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அவ அவிழ்க்காத முடிச்சை அவ அவிழ்த்ததாக நம்பி, ஒரு பிள்ளை நோகிற காலோடு ஓடிக்கொண்டிருக்கிறது. இதை வாசிக்கிறவர்களுக்கு இத்தாலியில் யாரையும் தெரிந்தால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அந்தத் தாயிடம் போய்ச் சேர்ந்தால் போதும். அந்த மகளின் பயிற்சியாளரிடமும் போய்ச் சேர்ந்தால், அவள் என்னைத் திட்டட்டும். குங்குமம் மணத்தது என்று சேர்க்காதீர்கள். நான் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றும் சேர்க்காதீர்கள். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள்: பண்டேஜ் விழவில்லை, ஒரு மனுசி கையால் எடுத்துக் கொடுத்தாள், கால் நோகுதென்றால் கட்டு அவிழக் காத்திராமல் இன்றைக்கே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.